ஒரே தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொல்: குழப்பும் ஆங்கில ஜோடிகளைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்து நேராக வருகிறவர்கள். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் ஒரு பெண் ஒருநாள் பக்கத்து பெஞ்சில் இருந்தவரிடம் பேனா கேட்டாள். “கேன் யூ பாரோ மீ எ பென்?” அவரும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ‘லெண்ட்’ என்று நான் திருத்தினேன். “ஆனா மிஸ், கடன்னா பாரோதானே? கைடுல அப்படித்தான் போட்டிருக்கு” என்றாள்.

அவள் படித்ததில் தவறில்லை. கைடுதான் பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டது. தமிழில் கடன் என்பது ஒரே சொல். அது எந்தப் பக்கம் போகிறது என்பதை ‘வாங்கு’, ‘கொடு’ என்று பின்னால் வரும் வினைதான் காட்டும். கடன் வாங்கினால் ‘பாரோ’, கடன் கொடுத்தால் ‘லெண்ட்’. ஆங்கிலக்காரர் ஒரே சொல்லில் திசையையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்.

இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்ததில் நான் கண்டது இதுதான்: நம்மைக் குழப்பும் ஆங்கில ஜோடிகளில் பெரும்பாலானவை, ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போகும்போது இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் பிரிய வேண்டும் என்பதைப் பல நேரம் நம் தமிழ் வாக்கியமே சொல்லிவிடும். அதைக் கவனிக்கப் பழகுவதற்குத்தான் இந்த வழிகாட்டி.

ஒரு வேண்டுகோள். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காரணம் மூன்றாம் படியில் வரும்.

முதல் படி: நோட்டைத் தமிழ்ச் சொல்லில் தொடங்குங்கள்

கடையில் கிடைக்கும் ‘குழப்பும் நூறு சொற்கள்’ வகைப் பட்டியல்களில் பல, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளை மனதில் வைத்துத் தயாரானவை. நம் சிக்கல் வேறு. அதனால் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி, அதிலிருந்து மரக்கிளை மாதிரி கோடு இழுத்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு ஆங்கிலச் சொல்லும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமும் எழுதுங்கள்.

‘கடன்’ பக்கத்தில் நான் எழுதச் சொல்லும் வாக்கியம் நூலகம் பற்றியது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. அங்கே உறுப்பினராக இருந்தால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நூலகம் ‘லெண்ட்’ செய்கிறது, நீங்கள் ‘பாரோ’ செய்கிறீர்கள். ஒரே புத்தகம், ஒரே மேஜை, மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதில்தான் சொல் மாறுகிறது. பொருளுக்குத் தமிழில் இரவல் என்று தனிச் சொல் இருந்தாலும், ஆங்கிலத்தில் பணத்துக்கும் பொருளுக்கும் அதே இரண்டு சொற்கள்தான்.

அடுத்த பக்கத்துக்கு ‘படி’. இந்தச் சொல் எனக்கு ஒரு வேலையை இழக்கவைத்தது என்றே நினைக்கிறேன். கல்லூரிக் கடைசி வருடம், கிண்டியில் ஒரு அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு. என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். ‘ஐ ஆம் ரீடிங் ஃபைனல் இயர்’ என்றேன். என்ன வாசிக்கிறாய், எந்தப் புத்தகம் என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குப் புரியவில்லை, பாடத்தின் பெயரைச் சொன்னேன். அதன்பிறகு பேச்சு ஒட்டவே இல்லை. பேப்பர் படிப்பது ‘ரீட்’. காலேஜில் படிப்பது, பரீட்சைக்குப் படிப்பது ‘ஸ்டடி’. படித்து மனதில் ஏறினால், கைக்கு வந்தால் ‘லேர்ன்’. ராத்திரி முழுக்க ‘ஸ்டடி’ செய்தும் ஒன்றையும் ‘லேர்ன்’ பண்ணாமல் போகலாம். இந்த வித்தியாசத்தை அன்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘பார்’ மூன்றாகப் பிரிகிறது. வேண்டுமென்று கண்ணைத் திருப்பினால் ‘லுக்’. “இங்க பாரு” என்னும்போது அதுதான், எதைப் பார்க்கச் சொல்கிறோமோ அதற்கு முன்னால் ‘அட்’ வரும். தானாகக் கண்ணில் பட்டால் ‘சீ’. “நேத்து உன்ன சென்ட்ரல்ல பாத்தேன்” என்பது அது. நகர்கிற, மாறுகிற ஒன்றைக் கொஞ்ச நேரம் தொடர்ந்து பார்த்தால் ‘வாட்ச்’. அதனால் டிவி, கிரிக்கெட் எல்லாம் ‘வாட்ச்’. ‘ஐ ஆம் சீயிங் டிவி’ என்று வகுப்பில் வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுவேன். தியேட்டரில் பார்க்கும் படத்துக்கு மட்டும் ‘சீ’, ‘வாட்ச்’ இரண்டும் பொருந்தும். டாக்டரைப் பார்ப்பது ‘சீ’. வேலை பார்ப்பது இந்தக் கிளையிலேயே கிடையாது, அது ‘வொர்க்’.

‘போடு’ இருக்கிறதே, அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஃபேன் போடு, டீ போடு, பாட்டு போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனி வினை: ‘ஸ்விட்ச் ஆன்’, ‘மேக்’, ‘ப்ளே’, ‘ட்ரா’, ‘சைன்’. எல்லாவற்றுக்கும் ‘புட்’ என்று போட்டால் ‘புட் த ஃபேன்’ என்றாகி, ஃபேனைக் கழற்றி எங்கே வைக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர் யோசிப்பார். இதற்குள் இன்னொரு நுணுக்கம் உண்டு. “ஹெல்மெட் போட்டுக்கோ” என்றால் தலையில் மாட்டும் செயல், அது ‘புட் ஆன்’. “ஹெல்மெட் போட்டிருக்கான்” என்றால் மாட்டியபின் இருக்கும் நிலை, அது ‘வேர்’. தமிழில் ‘இரு’ சேர்ந்துவிட்டால் ‘வேர்’ பக்கம் போங்கள்.

நம் மொழியில் சொல் போதவில்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம், நாங்கள் என்று நாம் தெளிவாகப் பிரிப்பதை ஆங்கிலம் ஒரே ‘வீ’யில் அடக்கிவிடுகிறது. தமிழ் கற்க வருகிற வெளிநாட்டுக்காரர் அந்த இடத்தில் இதே மாதிரிதான் தடுமாறுவார்.

இரண்டாம் படி: சொல்லின் வாலைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆங்கிலத்துக்குப் போகும் முன் மனதில் ஓடுகிற தமிழ் வாக்கியத்தின் உருபைப் பாருங்கள். எனக்கு என்கிறதா, நான் என்கிறதா, கிட்ட என்கிறதா?

‘கேள்’ என்ற சொல்லில் இது பளிச்சென்று தெரியும். போனில் “எனக்குக் கேக்கல” என்கிறோம். எனக்கு வந்தால் காதில் தானாக விழுகிற சங்கதி, அது ‘ஹியர்’. “நான் பாட்டு கேக்கிறேன்” என்றால் நானே காது கொடுக்கிறேன், அது ‘லிசன்’, கூடவே ‘டு’ கட்டாயம். “அவர்கிட்ட கேட்டேன்” என்றால் கேள்வி, ‘ஆஸ்க்’. அம்மா “நான் சொல்றத நீ கேக்கவே மாட்டேங்கிற” என்று திட்டும்போது அது ‘லிசன்’. காது நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் கொடுக்கவில்லை. ‘ஐ ஆம் ஹியரிங் சாங்ஸ்’ என்று சொல்கிறவர்கள் இந்த ‘நான்’, ‘எனக்கு’ வித்தியாசத்தை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு அதிகம் தவறுவதில்லை.

அதே ‘எனக்கு’ இன்னொரு பெரிய பள்ளத்திலிருந்தும் காப்பாற்றும். “எனக்கு போர் அடிக்குது” என்பதை ‘ஐ ஆம் போரிங்’ என்று சொன்னால், நான் ஒரு சலிப்பூட்டும் ஆள் என்று பொருள். எனக்கு என்று வந்தால் ‘இ.டி.’ விகுதி: ‘போர்ட்’, ‘இன்ட்ரஸ்டட்’, ‘டயர்ட்’. அந்தப் படம், அந்த வேலை, அந்த ஆள் என்று காரணத்தைச் சுட்டினால் ‘ஐ.என்.ஜி.’ விகுதி: ‘போரிங்’, ‘இன்ட்ரஸ்டிங்’, ‘டயரிங்’.

ஞாபகத்துக்கு ‘படுத்து’ என்ற வாலைப் பாருங்கள். ஞாபகம் இருக்கிறது என்றால் ‘ரிமெம்பர்’, ஞாபகப்படுத்து என்றால் ‘ரிமைண்ட்’. “நாளைக்குக் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க” என்பதை ‘ரிமெம்பர் மீ டுமாரோ’ என்று மேனேஜருக்கு அனுப்பினால், நாளை என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று விடைபெறுகிற மாதிரி ஆகிவிடும்.

‘சொல்’லுக்குக் ‘கிட்ட’ முக்கியம். யாரிடம் சொன்னோம் என்று வாக்கியத்தில் ஆள் வந்தால் பெரும்பாலும் ‘டெல்’. அந்த ஆளை ‘டெல்’லுக்கு அடுத்து நேராக வையுங்கள்: ‘ஐ டோல்ட் ஹிம்’. நடுவில் ‘டு’ போடத் தோன்றும், அது நம் ‘கிட்ட’வின் நிழல், போடக்கூடாது. ஆள் வராமல் என்ன சொன்னோம் என்பது மட்டும் வந்தால் ‘சே’.

நேரத்தைக் குறிக்கும் சொற்களுக்கும் இந்த முறை உதவும், ஆனால் ஒரு இடத்தில் ஏமாற்றும். முதலில் உதவுகிற இடம். பீச்–தாம்பரம் மின்சார ரயில் “1931-லேர்ந்து ஓடுது” என்றால் தொடக்கப் புள்ளி, ‘சின்ஸ்’. “90 வருஷத்துக்கு மேலா ஓடுது” என்றால் காலத்தின் நீளம், ‘ஃபார்’. ‘லேர்ந்து’ வந்தால் ‘சின்ஸ்’, ‘ஆ’ என்று நீண்டால் ‘ஃபார்’. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் வினை மாறும் என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள். “ரெண்டு வருஷமா வேலை பாக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலமாகச் சொல்வது ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ ஆகும். ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்றால் அந்த இரண்டு வருடம் வாக்கியத்தில் ஒட்டாது.

ஏமாற்றுகிற இடம் ‘க்குள்’. “ரெண்டு நாளைக்குள்ள முடிச்சிடுவேன்” என்பது ‘விதின் டூ டேஸ்’, சரி. அதே வாலோடு “வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்” என்கிறோம். அது ‘விதின் ஃப்ரைடே’ அல்ல, ‘பை ஃப்ரைடே’. நாட்களை எண்ணினால் ‘விதின்’, நாளின் பெயரையோ தேதியையோ மணியையோ சொன்னால் ‘பை’. ‘டில்’ வேறு: அது ‘வரைக்கும்’. கடை 9 மணி வரைக்கும் திறந்திருக்கும் என்றால் ‘டில் நைன்’. 9 மணிக்குள் வந்துவிடு என்றால் ‘பை நைன்’. ஆபீஸ் மெயிலில் இந்த மூன்றும் மாறினால் கெடுவே மாறிவிடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: காதையும் தொண்டையையும் பழக்குங்கள்

ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னதற்குக் காரணம் இது. ‘கோட்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். மழைக்குப் போடுவதா, ஆடா, கம்ப்யூட்டரில் எழுதுவதா? மூன்றும் அதே ‘கோட்’டுதான். ‘பேக்’ என்று எழுதினால் பையும் அதுவே, முதுகும் அதுவே, மூட்டை கட்டுவதும் அதுவே. தமிழில் ஒரு ‘க’ தான், அதன் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். ‘பக்கம்’ என்பதில் ஒரு விதம், ‘தங்கம்’ என்பதில் ஒரு விதம். நாம் யோசிக்காமலே மாற்றிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இடம் எதுவானாலும் இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி, வேறு பொருள்.

மெல்லெழுத்துக்குப் பின்னால் வரும் வல்லெழுத்தைத் தமிழ் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும். டிவியில் நிகழ்ச்சி தொகுப்பவரை ‘ஆங்கர்’ என்கிறோமே, அதைத் தங்கத்தில் வரும் ‘ங்க’ போலச் சொன்னால் ஆங்கிலக் காதுக்குக் கோபம் என்ற சொல்லாக விழும். ‘பக்கம்’ என்பதில் வருகிற ‘க்’ போல அழுத்திச் சொன்னால்தான் தொகுப்பாளர். ‘அங்கிள்’ என்பதிலும் அதே அழுத்தம் வேண்டும்.

பயிற்சி எளிது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். மூட்டை கட்டும் ‘பேக்’கைச் சொல்லும்போது முதல் எழுத்தில் காற்று கையில் படவேண்டும். முதுகுக்கான ‘பேக்’கில் படக்கூடாது. பிறகு விரலைத் தொண்டைமேல் வைத்து, பாம்பு சீறுவது போல ஒரு ‘ஸ்’, வண்டு ரீங்கரிப்பது போல ஒரு ‘ஸ்’ சொல்லுங்கள். இரண்டாவதில் தொண்டை அதிரும். விலைக்கான ‘ப்ரைஸ்’ சீறும், பரிசுக்கான ‘ப்ரைஸ்’ ரீங்கரிக்கும். தளர்வான ‘லூஸ்’ சீறும், தொலைக்கிற ‘லூஸ்’ ரீங்கரிக்கும். ரீங்காரத்தில் முடியும் சொல்லில் அதற்கு முந்தைய உயிரொலி சற்று நீளும் என்பதையும் கவனியுங்கள். தமிழில் இந்த ரீங்காரத்துக்கு எழுத்தே இல்லாததால் முதல் இரண்டு வாரம் காதுக்கே வித்தியாசம் தெரியாது. கவலை வேண்டாம், தொண்டையில் வைத்த விரல் முதலில் கற்றுக்கொள்ளும், காது பின்னால் வரும்.

நான்காம் படி: எழுத்து ஜோடிகள்

இவற்றில் அதிகம் தங்கத் தேவையில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி போதும். டைலரிடம் “லூஸா இருக்கு” என்கிறோமே, அதற்கு இரண்டு ‘ஓ’, துணி அதிகம், எழுத்தும் அதிகம். தொலைப்பதற்கு ஒரு ‘ஓ’ தான், ஒன்று தொலைந்துவிட்டது.

அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்குச் ‘சி’, அறிவுரை கூறு என்ற வினைக்கு ‘எஸ்’. உரிமத்துக்கும் (‘லைசென்ஸ்’) பயிற்சிக்கும் (‘ப்ராக்டிஸ்’) பிரிட்டிஷ் முறையில் அதே விதி. பர்ஸிலிருந்து உங்கள் டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள், பெயர்ச்சொல் என்பதால் கடைசியில் ‘சி’, ‘இ’ இருக்கும். அமெரிக்க முறையில் உரிமம் எப்போதும் ‘எஸ்’, பயிற்சி எப்போதும் ‘சி’. போனின் கீபோர்டு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் அது காட்டும் சிவப்புக் கோட்டை நம்பி மாற்றிவிடாதீர்கள். அறிவுரைக்கு ஆங்கிலத்தில் பன்மையும் கிடையாது. ‘அட்வைசஸ்’ என்று எழுத வேண்டாம்.

‘அஃபெக்ட்’ பெரும்பாலும் வினை, ‘எஃபெக்ட்’ பெரும்பாலும் பெயர். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையைப் பாதித்தது என்றால் ‘ஏ’. அந்த வெள்ளத்தின் விளைவு என்றால் ‘இ’. விதிவிலக்குகள் உண்டு, இந்த நிலையில் அவை வேண்டாம்.

எனக்குப் பிடித்த ஜோடி ‘ஸ்டேஷனரி’. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர், நோட்டுக் கடைகளுக்கு நடுவே நடந்தால் பெயர்ப் பலகைகளில் இந்தச் சொல் வந்துகொண்டே இருக்கும். பேப்பர் என்ற சொல்லின் கடைசி ‘இ.ஆர்.’ எழுதுபொருளுக்கான ‘ஸ்டேஷனரி’க்குள்ளும் இருக்கிறது. அசையாமல் நிற்பதற்கு ‘ஏ.ஆர்.’ இரண்டும் ஒரே வேரில் வந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாகச் சுற்றி விற்பவருக்கு மாறாக, ஒரே இடத்தில் கடை வைத்திருந்தவருக்கு லத்தீனில் நிலையானவர் என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. அப்படிப்பட்ட கடைக்காரர்களில் புத்தகம் விற்றவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, பிற்பாடு அவர் விற்ற காகிதத்துக்கும் பேனாவுக்கும் வந்தது.

ஐந்தாம் படி: நம் ஊர் ஆங்கிலத்தை அடையாளம் காணுங்கள்

“மிஸ், ஒரு டவுட்.” இந்த வாக்கியம் இல்லாமல் சென்னையில் ஒரு வகுப்பும் முடியாது. நமக்குள் பேசும்போது இதில் ஒரு குறையும் இல்லை. சந்தேகம் என்ற தமிழ்ச் சொல்லுக்குக் கேள்வி, நம்பாமை இரண்டும் பொருளாக இருப்பதால் அப்படியே வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ஆர்டர்’ என்றால், உங்கள் ஆர்டரில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ‘க்வெஸ்சன்’ என்று கேளுங்கள்.

“போயிட்டு வர்றேன்” என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று பெயர்க்காதீர்கள். திரும்பி வரப்போகிறீர்கள் என்றால் ‘ஐ வில் பி பேக்’, விடைபெறுகிறீர்கள் என்றால் ‘சீ யூ’. போகிறேன் என்று மட்டும் சொல்ல நம் வீட்டில் விடமாட்டார்கள், அந்தப் பிரியத்துக்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது. இன்று காலை என்பது ‘திஸ் மார்னிங்’, நேற்று ராத்திரி ‘லாஸ்ட் நைட்’. சாப்பிட மட்டும் போகிற இடம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ‘ரெஸ்டாரன்ட்’, அவர்களுக்கு ‘ஹோட்டல்’ என்றால் அறை எடுத்துத் தங்குகிற இடம்.

ஆறாம் படி: வாரத்துக்கு மூன்று பக்கம்

ஒரு வாரத்துக்கு மூன்று தமிழ்ச் சொல் போதும், அதற்கு மேல் வேண்டாம். திங்கள்கிழமை மூன்று மரங்களை வரைந்துவிடுங்கள். கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியில் ஒவ்வொரு கிளையையும் தேடி, பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியத்தை முக்கியமாகப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, உச்சரிப்பையும் ஒலியாகக் கேட்கலாம்.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை பஸ்ஸிலோ ரயிலிலோ பக்கத்தில் பேசுகிற தமிழைக் காதில் வாங்குங்கள். அந்த வாரத்துச் சொல் வந்ததும், எந்தக் கிளை என்று மனதுக்குள் தீர்ப்புச் சொல்லுங்கள். வாயைத் திறக்கவே வேண்டாம், பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் போவதற்குள் ‘கேள்’ மட்டும் பல தடவை வந்துவிடும். சனிக்கிழமை அந்த மூன்று சொற்களையும் வைத்து உங்களைப் பற்றி ஒரு நிமிடம் போனில் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டு, தவறிய இடத்தை மட்டும் சிவப்பு மையில் அந்த மரத்தின் கீழே எழுதுங்கள். சரியாகச் சொன்னதை எழுத வேண்டாம். தொடர்ந்து இரண்டு வாரம் சிவப்பு விழாத பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு, அந்த இடத்துக்கு அடுத்த சொல்லை எடுங்கள்.

துணிக்கடைப் பெண்ணின் நோட்டில் இப்போது பதினொரு மூலைகள் மடிந்திருக்கின்றன. ‘போடு’ பக்கம் இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.